மழை வந்தால் ஏ.டி.எம். "படுத்துக்கொள்வது" ஏன்? ஆகாயம் போய் வரும் காரைக்குடி பணம்!

காரைக்குடி,

ஐப்பசி அடைமழை. சாயங்காலம் மணி ஆறு. ஏ.டி.எம். வாசலில் நனைந்த வேட்டியைப் பிழிந்தபடி ஒரு பென்ஷன் பெரியவர். கார்டைப் போட்டார். நம்பரை அமுக்கினார். எந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. பணம் வரவில்லை!

"ஏன் தம்பி, இது இப்படி நிக்குது?"

"மேலே லைன் இல்லீங்க ஐயா. மழை விட்டாத்தான் வரும்."

செட்டிநாட்டு கிராமங்களில் மழைக்காலத்தில் காதில் விழும் பேச்சுதான். ஆனால் "மேலே லைன்" என்று தம்பி சொன்னது வேடிக்கைக்கு அல்ல. நிஜமாகவே மேலேதான்!

கேபிளை நம்ப முடியாத ஊர்களில், ஏ.டி.எம். கட்டிட மாடியில் நாலடி அகலத்தில் ஒரு டிஷ் வைப்பார்கள். "வி-சாட்" என்று பெயர். டி.வி. டிஷ் கேட்க மட்டும் செய்யும். இது பேசவும் செய்யும்.

36 ஆயிரம் கிலோ மீட்டர்

பெரியவர் நம்பரை அமுக்கியதும் சங்கதி டிஷ் வழியாக மேலே கிளம்புகிறது. பூமத்திய ரேகைக்கு மேல், சுமார் 36 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கிறது செயற்கை கோள். பூமியோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அதனால்தான் டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி வைத்தால் போதும்.

அங்கிருந்து சங்கதி கீழே பெரிய தரை நிலையத்துக்கு இறங்கி, பாங்கி கம்ப்யூட்டருக்குப் போகிறது. "கணக்கில் பணம் உண்டு, கொடு" என்ற பதில் அதே வழியில் திரும்புகிறது. 500 ரூபாய்க்காக 1 லட்சத்து 44 ஆயிரம் கிலோ மீட்டர் பயணம்! ஆகாயத்தில் ஆகும் நேரம்? அரை வினாடிதான்.

உண்டியல் காலம்

ஒரு காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் தொழில் செய்த நகரத்தார் எழுதிய உண்டியல் கப்பல் ஏறி வந்து இங்கே பணமாகும். நாள் கணக்கில் காத்திருந்தார்கள்.

1971-ல் பூனா அருகே ஆர்வியில் செயற்கை கோள் தரை நிலையம் திறக்கப்பட்டது. 1977 முதல் 1979 வரை "சிம்பொனி" என்ற பிரெஞ்சு-ஜெர்மன் செயற்கை கோளை வைத்து சென்னை, டெல்லி, ஆமதாபாத் நிலையங்களில் சோதனை நடந்தது. 1983-ல் நம் நாட்டு இன்சாட்-1பி மேலே போனது. 1994-ல் தொடங்கிய தேசிய பங்குச் சந்தை, வெளியூர் புரோக்கர் ஆபீஸ்களுக்கும் டிஷ் கொடுத்தது. பம்பாய் போகாமலே பங்கு வாங்க முடிந்தது.

மழை செய்யும் வேலை

இந்தச் சிறிய டிஷ்கள் பயன்படுத்தும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 2 சென்டி மீட்டர்தான். பெருமழையின் துளிகள் அதை விழுங்கி, சிதறடித்துவிடும். நீளமான அலை மழையைத் தாங்கும். ஆனால் அதற்குப் பெரிய டிஷ் வேண்டும், செலவு கூடும்.

வெயிலும் விடாது! மார்ச்சிலும், செப்டம்பர்-அக்டோபரிலும் சில நாட்கள் சூரியன் நேராக செயற்கை கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போதும் சில நிமிடங்கள் லைன் போகும்.

பணம் போச்சா?

லைன் இல்லை என்றால் திரும்பிப் போகலாம். பாதியில் அறுந்தால்தான் வம்பு. பாங்கி பணத்தைக் கழித்திருக்கும். "கொடு" என்ற பதில் மழையில் தொலைந்திருக்கும். எஸ்.எம்.எஸ். வரும், நோட்டு வராது!

பயப்பட வேண்டாம். ரிசர்வ் பாங்கி 2019-ல் போட்ட உத்தரவுப்படி, நீங்கள் கேட்காமலே 5 நாளுக்குள் பணம் கணக்கில் திரும்ப வேண்டும். தாமதமானால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் பாங்கி தர வேண்டும்.

எஸ்.எம்.எஸ்.சை அழிக்காதீர்கள். சீட்டு வந்தால் கிழித்துப் போடாதீர்கள். உங்கள் பாங்கியில் புகார் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் பாங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

உண்டியல் எழுதியவர் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டார். எந்திரத்துக்குக் கையெழுத்து இல்லை. பெரியவர் பெட்டியில் வைக்கும் அந்தத் துண்டுச் சீட்டுதான் இன்றைய உண்டியல்!