மண்ணோடு சேரும் உருவங்கள்
ஊரும் பொதுக்கலையும் – 9

பொதுக்கலை என்பது தெருவிலும் திடலிலும் சுவரிலும் ஏரிக்கரையிலும் எவரும் காணும்படி அமைவதும், பல வேளைகளில் காண்போரே அதன் ஆக்கத்தில் பங்குகொள்வதுமான கலையைக் குறிக்கும். குப்பை குறித்த விழிப்புணர்வுக்காக இன்று நகராட்சிகளும் பள்ளிகளும் தன்னார்வ அமைப்புகளும் கையாளும் சுவரோவியம், கழிவுப்பொருள் சிற்பம், வீதி நாடகம் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் தகுதியை எடைபோடும்போது, சொல்லும் செய்தியை மட்டுமன்றி, எப்பொருளால் ஆயின, பணி முடிந்தபின் அப்பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பழைய பொதுக்கலைகள் இந்தக் கணக்கை நேர்செய்தே வைத்திருந்தன.

இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கதை நாள்கணக்கில் படிக்கப்பட்டு, இரவுகளில் தெருக்கூத்தாக நிகழ்ந்து, இறுதியில் படுகளம் என்னும் சடங்கில் நிறைவுறுகிறது. படுகளத்துக்காகத் திறந்த வெளியில் துரியோதனனின் பேருருவம் மல்லாந்து கிடக்கும் நிலையில் மண்ணால் வனையப்படுகிறது. பீமன் வேடமிட்டவர் அதன் தொடையை அடித்துப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடித்தபின், ஊரே கூடிக் கண்ட அவ்வுருவம் சிதைந்து மீண்டும் மண்ணாகிறது. மரக்காணம் பகுதியிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் போன்ற இடங்களில் நேர்த்திக்கடனாக வைக்கப்படும் சுடுமண் உருவங்களும், வாசலில் அரிசி மாவால் இடப்படும் கோலமும், வெயிலுக்கும் மழைக்கும் எறும்புக்கும் தம்மை ஒப்புக்கொடுப்பவையே. அழிவு இக்கலைகளின் குறையாகக் கருதப்படவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி செய்வதற்கான இடத்தையும் வேலையையும் அதுவே உண்டாக்கியது.

மக்காத பொருள்கள் பெருகியபின் இந்நிலை மாறியது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. துணிப்பையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவர 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இச்செய்திகள் சுவர்களுக்கும் பதாகைகளுக்கும் ஏறியபோது ஒரு முரண் உடன் வந்தது. ஃபிளெக்ஸ் பதாகை பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனது. சுவரோவியத்துக்குப் பயன்படும் எமல்ஷன் வண்ணம் பெரும்பாலும் அக்ரிலிக் போன்ற செயற்கைப் பலபடிகளை, அதாவது நெகிழியின் இனத்தைச் சேர்ந்த நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளை, அடிப்படையாகக் கொண்டது.

தண்ணீர்ப் புட்டிகளை ஒட்டி மீன், மரம் முதலிய உருவங்களைச் செய்வதிலும் இதே சிக்கல் உண்டு. மறுசுழற்சி என்பது பயன்பட்ட பொருளை மூலப்பொருளாக்கி மீண்டும் உற்பத்திக்குள் செலுத்துவதாகும். அதற்குப் பொருள் வகை பிரிக்கப்பட்டும் கலப்பின்றியும் இருக்க வேண்டும். பெட் (PET) என்னும் நெகிழி வகையாலான தண்ணீர்ப் புட்டிக்குக் காயலாங்கடையில் விலை உண்டு என்பதால் அது பெரும்பாலும் யாரேனும் ஒருவரால் பொறுக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு வண்ணம் பூசி, பசையும் கம்பியும் சேர்த்துச் சிற்பமாக்கினால், விற்கத்தக்க பொருள் விலையற்றதாகிறது. நெகிழியும் அலுமினியமும் அடுக்கடுக்காகச் சேர்ந்த தின்பண்ட உறைகளே எவரும் வாங்காமல் சாக்கடையில் தங்குபவை. புட்டிச் சிற்பத்தில் இவற்றுக்கு இடமில்லை.

கழிவை வீணாக்காமல் கையாண்ட முன்மாதிரி ஒன்று விழுப்புரம் மாவட்டத்திலேயே உண்டு. பெரும்பகுதி வானூர் வட்டத்தில் அமைந்த ஆரோவில்லில் இயங்கும் உபாசனா வடிவமைப்பகம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைக் கொண்டு 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மையைச் செய்ய மீனவப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. விற்பனைக்கு வைக்கப்படாமல் கொடையாகவே வழங்கப்பட்ட அப்பொம்மை பல நாடுகளுக்குச் சென்றது. கழிவை அழிக்காமல் மதிப்புக் கூடிய பொருளாக்கும் இம்முறை மேல்சுழற்சி எனப்படும். சுனாமிகா எடுத்துக்கொண்டது வாங்குவாரற்ற துண்டுத்துணியை. செய்தவர்களுக்கு அது தந்தது துயரைத் தாங்கும் துணையையும் வேலையையும்.

கலை தன் கவனத்தைப் பொருளிலிருந்து உழைப்பின்மீது திருப்பிய எடுத்துக்காட்டு நியூயார்க்கில் கிடைக்கிறது. அந்நகரத் துப்புரவுத் துறையில் ஊதியமின்றி, துறையோடு இணைந்து பணியாற்றும் கலைஞராக அமர்ந்த மியர்ல் லேடர்மன் யூகெலஸ், 1979–80 ஆண்டுகளில் சுமார் 8,500 பணியாளர்களை நேரில் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி கூறுவதையே கலைச்செயலாக நிகழ்த்தினார். 1983-இல் ஒரு குப்பை லாரியின் பக்கங்களில் கண்ணாடி பதித்து, அது செல்லும் வீதியில் நிற்போர் தம் உருவத்தை அதில் காணச் செய்தார். குப்பை பணியாளரின் உடைமை அன்று, போடுபவரின் உடைமை என்பதை ஒரு வாசகமும் எழுதாமல் அந்த வண்டி உணர்த்தியது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இப்பாடம் தனிப் பொருத்தம் உடையது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த இவ்விரு ஊர்களிலும், குறிப்பாகப் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வழி பிரியும் திண்டிவனத்தில், சாலையோரக் குப்பையில் ஒரு பங்கு வழிப்போக்கர்கள் விட்டுச் செல்வது. மழைக்காலத்தில் திண்டிவனம் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரி நீர் கழுவேலி சதுப்புநிலத்தை நோக்கி ஓடுகிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களின் வரிசையில், சேர்க்கப்பட்ட இடம் அது. 'குப்பை போடாதீர்' என்னும் பொது அறிவுரை பேருந்து நிலையச் சுவரில் எத்தனை வண்ணத்தில் இருந்தாலும், குப்பை நீரோடு கழுவேலி நோக்கிச் செல்லும் இவ்வழியை அது காட்டுவதில்லை. எந்த ஓடை எந்த ஏரியில் விழுகிறது, மக்கும் குப்பை எந்த உரக்கிடங்குக்குப் போகிறது, விடியலில் தள்ளுவண்டியுடன் வருபவர் யார் என்பதைச் சுண்ணாம்பிலும் காவியிலும் ஊராரே எழுதி, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சுவர், படுகளத்து மரபுக்கு நெருங்கியதாகவும் நகராட்சியின் அன்றாட வேலைக்கு உதவுவதாகவும் அமையும். அத்தகைய சுவருக்கு யார் பொறுப்பேற்பது, தூய்மைப் பணியாளர்களுக்கு அதில் என்ன இடம் என்பவை அடுத்த இதழில் ஆராயப்படும்.

(தொடரும்)