இருநூறு இலைக்கு ஒரு சீட்டு: முன்பேரச் சந்தை எப்படி இயங்குகிறது?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணச் சமையலுக்கு ஆர்டர் எடுக்கும் ஒரு சமையற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். பெண் வீட்டார் தை மாதம் வருகிறார்கள், கல்யாணம் வைகாசியில். இலைக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசி முடித்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இடையில் எண்ணெயோ பருப்போ ஏறினால் அது சமையற்காரர் தலையில். இறங்கினால் அவர் பையில். பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தில் வரும் முன்பேரமும் அடிப்படையில் இதுதான்.

ஆனால் இந்த ஆர்டரை வேறு யாருக்கும் விற்க முடியாது. கல்யாணம் தள்ளிப்போனால் போனதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் மெனு வேறு, ஆள்கணக்கு வேறு, மண்டபம் வேறு. ஒப்பந்தத்தை வடிவமைப்பவரின் வேலையெல்லாம், கைமாற்ற முடியாத இந்தப் பேச்சைக் கைமாறும் சீட்டாக்குவதில் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள சமையற்காரர்கள் எல்லாரும் கூடி ஒரே மாதிரிச் சீட்டு அச்சடிக்கிறார்கள் என்று வையுங்கள். இருநூறு இலை, இன்னின்ன பதார்த்தம், இந்த மூன்று மண்டபங்களில் ஏதாவது ஒன்று, இந்த மாதம். விலைக்கு மட்டும் இடம் காலி. இனி யார் சீட்டை யாரும் வாங்கலாம். பேச்சு விலையைப் பற்றி மட்டுமே.

1980 அக்டோபரில் கோலாலம்பூர் பண்டச் சந்தை கச்சா செம்பனை எண்ணெய்க்கு இப்படியொரு சீட்டை அச்சடித்தது. சந்தையின் பெயர் பலமுறை மாறி இன்று புர்சா மலேசியா டெரிவேட்டிவ்ஸ் ஆகிவிட்டது, சீட்டு நிலைத்துவிட்டது. ஒரு சீட்டு 25 டன். விலை டன்னுக்கு இத்தனை வெள்ளி என்று சொல்லப்படும்; ஒரு வெள்ளி அசைந்தால் சீட்டுக்கு 25 வெள்ளி கூடும் அல்லது குறையும். டன் 4,000 வெள்ளி விற்கும் நாளில் ஒரு சீட்டின் மதிப்பு ஒரு லட்சம் வெள்ளி. அளவு இதைவிடப் பெரிதானால் சிறிய ஆலைக்காரர் பக்கத்தில் வரமாட்டார். மிகச் சிறிதானால் பெரிய தோட்டக் கம்பெனி நூற்றுக்கணக்கில் சீட்டு வாங்கித் தரகு கொடுத்தே களைத்துப்போகும்.

அளவு எளிது. தரத்தை எழுதுவதில்தான் கை தேர்ந்தவர் யார் என்று தெரியும். செம்பனைப் பழம் அடிபட்டாலோ, வெட்டிய குலை ஆலைக்குப் போகாமல் கிடந்தாலோ எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். ஏறினால் சுத்திகரிப்பில் சேதாரம் கூடும். அதனால் துறைமுகத் தொட்டிக்குள் எண்ணெய் போகும்போது அமிலம் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஒப்பந்தம். அதே எண்ணெய் தொட்டியைவிட்டு வெளியே வரும்போது 5 சதவீதம் வரை போகலாம். உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு ஏன்? சாம்பாரை அடுப்பிலிருந்து இறக்கும்போது இருக்கும் பதம், மூன்றாம் பந்தியில் இருப்பதில்லை. தொட்டியில் நிற்கும் எண்ணெயும் அப்படித்தான். நாள் ஆக ஆக அமிலம் கூடுகிறது. அந்த ஒரு சதவீத இடைவெளியை விடாமல் போயிருந்தால், கெட்டுப்போனது யார் கையில் என்ற சண்டைக்கே சந்தையின் நேரம் சரியாக இருந்திருக்கும். ஈரமும் அழுக்கும் 0.25 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. இதையெல்லாம் எழுதியவர்கள் மேசையிலிருந்து மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது மண்டபம். கிள்ளான் துறைமுகம், பினாங்கு–பட்டர்வொர்த், பாசிர் கூடாங் ஆகிய மூன்று இடங்களின் அங்கீகரிக்கப்பட்ட தொட்டிகளில் சரக்கை ஒப்படைக்கலாம். எந்த இடம் என்று தீர்மானிப்பது விற்பவர். வாங்குபவருக்கு இது அநியாயமாகத் தெரியலாம். ஆனால் ஒரே மண்டபம்தான் என்று எழுதிவிட்டால், பணம் உள்ளவர் அந்த மண்டபத்தையே முழுதாகப் பிடித்துவைத்து, சமையற்காரரின் கழுத்தைப் பிடிப்பார். இடம் பெருகப் பெருக அந்தப் பிடி தளரும். அளவுக்கு மேல் பெருக்கினாலோ எங்கே போய்ச் சாப்பிடுவது என்று வாங்குபவருக்குத் தெரியாமல் போகும். சபா, சரவாக் எண்ணெயை இந்த மூன்று இடங்களோடு சேர்க்காமல், 2021-இல் அதற்கென்று தனிச் சீட்டே போட்டார்கள்.

இனிப் பணம். சீட்டை எழுதியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, நம்புவது எப்படி? நடுவில் ஒரு மேனேஜர் உட்காருகிறார். இரண்டு பக்கமும் அவரிடம் முன்பணம் கட்டவேண்டும். சாயங்காலம் ஆனதும் அவர் கணக்குப் பார்ப்பார். 20 வெள்ளிக்கு ஒப்புக்கொண்ட இலை இன்று சந்தையில் 22 வெள்ளி. இருநூறு இலைக்கு வித்தியாசம் 400 வெள்ளி. சமையற்காரர் கணக்கிலிருந்து அந்த 400 இன்றைக்கே கழிந்து, எதிர்ப்பக்கத்தார் கணக்கில் ஏறும். முன்பணம் குறைந்துவிட்டதா, நாளைக்குள் கட்டு. இல்லையென்றால் சீட்டை வேறொருவருக்கு மாற்றிவிடுவேன் என்பார். கல்யாணம் வரை காத்திருந்து ஒரே நாளில் கைவிரிக்க வழியே கிடையாது. இந்த மேனேஜரைத்தான் தீர்வகம் என்கிறோம். விலை கொந்தளிக்கும் காலத்தில் இவர் கேட்கும் முன்பணமும் ஏறும்.

இந்தப் பாடத்தைக் கோலாலம்பூர் பணம் கொடுத்துக் கற்றது. சந்தைக்கு நான்கு வயதுகூட நிரம்பாத 1984-இல், செம்பனைச் சீட்டில் சிக்கிய தரகர்கள் சிலர் கட்டவேண்டிய பணத்தைக் கட்டவில்லை. எண்ணெய் தரமாகத்தான் இருந்தது, தொட்டியும் இருந்தது. நடுவில் இருந்த கைதான் பலவீனம். 1985-இல் புதிய பண்ட வணிகச் சட்டம் வந்தது, தீர்வகமும் புதிதாக அமைந்தது. அதன்பிறகு வெள்ளீயம், கொக்கோ என்று மற்ற சீட்டுகளும் வந்து மங்கிப்போயின. செம்பனை நின்றது.

இத்தனை ஏற்பாடு செய்தும் பெரும்பாலான சீட்டுகள் பந்திவரை போவதே இல்லை. ஆலைக்காரர் மூன்று மாதம் கழித்து வரும் எண்ணெய்க்கு இன்றே 4,000 வெள்ளியில் சீட்டு விற்கிறார். விலை 3,700-க்கு இறங்கினால், நிஜ எண்ணெயில் டன்னுக்கு 300 வெள்ளி குறைகிறது. சீட்டைத் திரும்ப வாங்கிக் கணக்கை முடிக்கும்போது அதே 300 வெள்ளி கிடைக்கிறது. தொட்டிப் பக்கம் போகவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒப்படைப்பு மாதத்தின் 15-ஆம் தேதி நண்பகலில் வணிகம் முடியும்போது சீட்டை வைத்திருப்பவர் எண்ணெயைக் கொடுத்தாகவேண்டும், அல்லது எடுத்தாகவேண்டும். சீட்டு விலை நிஜ விலையைவிட்டு எங்கோ ஓடிவிடாமல் இழுத்துப் பிடிப்பது இந்தக் கெடுதான்.

சரி, இதே சீட்டை அரிசிக்குப் போட்டால் என்ன? உலகில் ஒழுங்காக நடந்த முதல் முன்பேரச் சந்தையே அரிசிக்குத்தான். 1730-இல் ஜப்பானின் ஒசாகாவில், டோஜிமாவில். கிள்ளானுக்கு வடிவமைத்துப் பார்ப்போம். 25 டன் என்பது ஏறக்குறைய ஒரு 20 அடி கொள்கலன், அளவு பொருந்துகிறது. துறைமுகத்தில் கிடங்கும் உண்டு.

தரத்தில்தான் முதல் முட்டுக்கட்டை. எந்த ஆலையின் எண்ணெயையும் ஒரே தொட்டியில் ஊற்றலாம். அரிசியை அப்படிக் கொட்ட முடியுமா? பொன்னி கேட்ட வீட்டுக்குத் தாய்லாந்து வாசனை அரிசி போனால் பந்தியில் முகம் சுளிப்பார்கள். புது அரிசி குழையும், பழையது உதிரும். அதற்கே விலை வேறு. ஐந்து சதவீதம் குருணை உள்ள வெள்ளை அரிசி என்று ஒன்றை அடையாள ரகமாக வைத்து, மற்றவற்றுக்கு இத்தனை கழிவு என்று பட்டியல் போடலாம். கடினம், ஆனால் முடியாததல்ல.

அரசாங்கத்தின் கை அதைவிடப் பெரிய தடை. தாய்லாந்து 2004-இல் விவசாயப் பண்டங்களுக்கு முன்பேரச் சந்தை திறந்து அரிசியையும் வைத்தது. 2011-இல் அரசே சந்தை விலைக்கு மேல் கொடுத்து நெல்லை எடுக்கத் தொடங்கியபின், விலைக்குக் காப்புத் தேட யாருக்கு என்ன தேவை? இந்தியா 2007-இல் அரிசி முன்பேரத்தை நிறுத்தியது. 2021 டிசம்பரில் நெல், கோதுமையோடு கச்சா செம்பனை எண்ணெய் முன்பேரத்தையும் நிறுத்தியது. மூன்று மாதம் கழித்து, உக்ரைன் போர் மூண்டதும் கோலாலம்பூரில் எண்ணெய் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது. சீட்டைத் தடுத்து விலையைத் தடுக்க முடியவில்லை.

மலேசியாவில் உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலையில் இருக்கிறது. அசையாத விலைக்குச் சீட்டு எதற்கு? இறக்குமதி அரிசி அசைகிறது, உண்மை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. செப்டம்பர் முதல் தேதி, மலேசியாவுக்கு அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் தன் விலையை டன்னுக்கு 2,350-லிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. இறக்குமதி உரிமை முழுதும் அந்த ஒரே நிறுவனத்திடம். விலையை அறிவிப்பவருக்கே அது முதலில் தெரியும் என்றால், அவருக்கு எதிர்ப்பக்கத்தில் சீட்டு வாங்கப் புத்தியுள்ள யாரும் உட்காரமாட்டார்கள். எதிர்ப்பக்கம் இல்லாத இடத்தில் தரமும் கிடங்கும் தீர்வகமும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

பெர்னாஸின் உரிமம் 2031 ஜனவரிவரை. அதற்குப் பிறகு பலர் இறக்குமதி செய்யும் நிலை வந்தாலும், அரிசிச் சீட்டை அச்சடிக்க நினைப்பவர் ரகப் பட்டியலைத் தொடுவதற்கு முன் கட்டுப்பாட்டு விலையை அரசு என்ன செய்யப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.