தொழில்வன்மையும் கடல்கடந்த வாழ்வும்: மலாயாப் பெயர்ச்சி புகட்டும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் இருவர் ஒருங்கு கூடுமிடத்துப் பிறநாடு செல்லுதல் பற்றிய பேச்சு எழாதிருத்தல் அரிது. எப்பாடநெறியைக் கற்றால் எந்நாட்டின் வாயில் திறக்கும் என்னும் வினாவே பலரது கல்வித் தெரிவினை இன்று தீர்மானிக்கின்றது. இவ்வெண்ணம் புதிதாய்த் தோன்றியதன்று. இற்றைக்கு ஏறக்குறைய நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, கற்ற கல்வியையும் பெற்ற தொழிற்றிறனையும் கைப்பொருளாகக் கொண்டு நம்மவர் மலாயாவுக்குக் கப்பலேறினர். அப்பெயர்ச்சி எவ்வாறு தொடங்கிற்று, எவற்றால் வெற்றி பெற்றது, எதனால் தடைப்பட்டது என்பனவற்றை ஆராய்ந்து, இன்று புறப்பட எண்ணும் இளைஞன் அதனின்றும் அறியத்தக்கன யாவை என விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறப்படத் தூண்டிய காரணங்கள்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழையையும் கிணற்று நீரையும் நம்பியே பயிர்த்தொழில் நடைபெற்று வந்தது. முதுசமும் சீதனமுமாகக் காணிகள் தலைமுறைதோறும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. புகையிலைச் செய்கை ஓரளவு பணந் தந்ததாயினும், பெருகிவந்த குடிகளனைவர்க்கும் அது போதியதாகவில்லை. ஆதலின், நிலத்தை விடுத்து வேறொரு வருவாயை நாடுதல் இன்றியமையாததாயிற்று.

அவ்வருவாய்க்கு வழிகாட்டியது ஆங்கிலக் கல்வியாகும். 1816ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினறியைத் தாபித்தனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளின் பின்னர், 1833 முதலாக, ஆங்கிலங் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க உத்தியோகங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. சைவத்தை இழவாது கல்வியைப் பெறவேண்டுமென விழைந்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் வழிநின்ற சைவ பரிபாலன சபையார் 1890இல் பொறுப்பேற்ற பாடசாலையே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. இவ்வாறு கிறித்தவரும் சைவரும் போட்டியிட்டு நடத்திய கல்விப் பணியின் பயனாக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சிறு நிலப்பரப்பிலே, இருந்த உத்தியோகங்களிலும் பார்க்கக் கற்றோர் தொகை மிகுவதாயிற்று.

இந்நிலையில், 1869ஆம் ஆண்டிலே கோப்பிச் செடிகளைப் பற்றிய இலைநோய் பரந்து, 1880களில் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கையை அடியோடு அழித்தது. தோட்டங்கள் வீழ்ச்சியுற, அவற்றை நம்பியிருந்த அரசிறையும் குறைந்தது. அரசிறை குறையவே புதிய உத்தியோகங்களும் அருகின. கல்வி கற்பித்த நாடு கற்றவனுக்கு வேலை வழங்க இயலாத நிலையை அடைந்தது.

மலாயாவின் தேவை

அக்காலத்திலேயே மலாயாவில் இதற்கு நேர்மாறான நிலை தோன்றிற்று. 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையின் பின்னர்ப் பிரித்தானியர் மலாய் அரசுகளின் ஆட்சியிலே தலையிடத் தொடங்கினர். பேராக், சிலாங்கூர் ஆகிய அரசுகளிலே ஈயச் சுரங்கங்கள் பெருகின. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லத் தெருக்களும் புகையிரதப் பாதைகளும் வேண்டப்பட்டன. மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டிலே தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைக்கும் இடையே திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டு மைல் நீளமுடைய அப்பாதையை அமைத்தற்கு இலங்கையிலிருந்தே பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிய பாதை திறக்கப்பட்டது. 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டரசாக ஒருங்கிணைக்கப்பட்டமையால் அரசாங்கத் திணைக்களங்கள் பன்மடங்கு விரிந்தன.

பாதை அமைத்தல் கூலியாட்களால் இயலும். ஆனால், நிலத்தை அளப்பதற்கும், தந்தியடிப்பதற்கும், நிலையத்தை நடத்துவதற்கும், கணக்கெழுதுவதற்கும் ஆங்கிலங் கற்றோர் வேண்டும். மலாய் மக்களுட் பெரும்பாலோர் தம் கிராம வாழ்வை விடுத்து அலுவலகம் புக அந்நாளில் விரும்பினாரல்லர். ஆங்கிலங் கற்ற சீனருக்கோ வணிகம் கூடுதலான ஊதியம் நல்கிற்று. இவ்விடைவெளியை யாழ்ப்பாணத்தவர் நிரப்பினர். மலாயாவுக்கு வந்த ஆங்கில அதிகாரிகள் சிலர் முன்னர் இலங்கையிற் பணியாற்றியவராய் இருந்தமை இதற்குப் பெரிதும் துணைபுரிந்தது. பேராக்கின் முதல் றெசிடெண்டாகிய பேர்ச் இலங்கைச் சிவில் சேவையிலே நெடுங்காலம் பணிபுரிந்தவர். இலங்கைப் பொதுவேலைப் பகுதியிலிருந்து 1891இல் சிலாங்கூர் சென்ற ஸ்பூனர் என்பார் 1901இல் கூட்டரசுப் புகையிரதப் பகுதியின் தலைவரானார். தமக்கு முன்பே பழக்கமான ஊழியரை அத்தகையோர் நாடியது இயல்பேயாம்.

தகைமை என்னும் சாவி

மலாயா சென்றோர் கொண்டுசென்ற தகைமை யாது? பிழையற்ற ஆங்கில வசனம், தெளிவான கையெழுத்து, விரைவும் திருத்தமும் உடைய கணக்கு என்பனவே அவர்தம் முதல். இவற்றுக்கு மேலாக நில அளவை, தந்தி, மருந்து கலத்தல் முதலிய தொழில்களைப் பயின்றோர் உயர்ந்த இடம் பெற்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயிலே மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைப் பயிற்றத் தொடங்கியமை போன்ற முயற்சிகள், தொழிற்கல்வியும் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதைக் காட்டும்.

ஈண்டு ஒன்று நுணுகி நோக்கற்பாலது. இலங்கையில் 1880 முதல் நடைபெற்ற கேம்பிரிட்ஜ் பரீட்சையே மலாயாவிலும் நடைபெற்றது. யாழ்ப்பாணத்து மாணவன் சித்தியெய்திய பரீட்சையின் மதிப்பைக் கோலாலம்பூர் அலுவலகத் தலைவன் பிறர் உரைக்காமலே அறிந்திருந்தான். இரு நாடுகளும் ஒரே பேரரசின்கீழ் இருந்தமையால் இங்குக் கற்றது அங்குச் செல்லுபடியாயிற்று. தொழில்வன்மை ஒருவனிடத்து உளதாதல் மட்டும் போதாது. அதனை வேலைகொள்வோன் ஏற்றுக்கொள்ளும் அளவுகோல் ஒன்றும் உளதாதல் வேண்டும். மலாயாப் பெயர்ச்சியிலே இவ்விரண்டும் எளிதாகப் பொருந்தின.

சுற்றமும் சமூகமும்

தகைமை வேலையைத் தந்தது. ஆயின், வேலை கிடைக்கும்வரை தாங்கியது சுற்றமாகும். கொழும்பிலிருந்தோ நாகபட்டினத்திலிருந்தோ நீராவிக் கப்பலேறிச் சென்ற இளைஞனைத் துறைமுகத்தில் எதிர்கொள்ள மாமனோ, மைத்துனனோ, ஓரூரவனோ இருப்பான். மணமாகாத உத்தியோகத்தர் பலர் கூடி வாடகையையும் சமையற் செலவையும் பகிர்ந்து வாழும் ‘சமறி’ வீட்டிலே புதியவனுக்கும் இடமுண்டு. எந்தத் திணைக்களத்தில் வெற்றிடம் உண்டு, மனுவை எவ்வாறு எழுதுவது, எவ்வதிகாரி எத்தன்மையன் என்பனவெல்லாம் அங்கேயே கற்பிக்கப்பட்டன. முன்சென்றவன் பின்வருபவனுக்குப் பிணையாயினான். பின்வந்தவன் தவறிழைப்பின் முன்சென்றவனின் நற்பெயர் கெடும். இவ்விணைப்பே ஒழுக்கத்துக்கும் காவலாயிற்று.

ஊன்றிய இடத்திற் சமூக வாழ்வையும் அவர்கள் அமைத்தனர். புகையிரத ஊழியர் மிகுதியாக வாழ்ந்த கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கந்தசுவாமி கோவிலும், 1904இல் தோன்றிய விவேகானந்த ஆச்சிரமமும் இதற்குச் சான்று. சிங்கப்பூரில் 1910இல் இலங்கைத் தமிழர் சங்கம் நிறுவப்பட்டது. மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளைகள் ஊரிலே கல்வீடுகளாகவும் கோவிற் றிருப்பணிகளாகவும் பாடசாலைக் கட்டடங்களாகவும் உருமாறின. இளைப்பாறி மீண்ட ‘மலாயாப் பென்சன்காரர்’ ஊர்ப் பெரியாராக மதிக்கப்பட்டனர்.

எனினும், இவ்வாழ்வின் குறைகளையும் மறைத்தலாகாது. அனுப்பப்பட்ட பணத்திற் பெரும்பங்கு காணிக்கும் வீட்டுக்கும் சீதனத்துக்கும் செலவாயிற்றேயன்றி, இங்குப் புதிய தொழில்களை வளர்க்கப் பயன்பட்டது குறைவே. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலே உழைத்த தமிழகத் தொழிலாளரோடு ஒரே மொழி பேசியும், அவரோடு கலவாது உத்தியோகத்தர் ஒதுங்கி நின்றனர். அவ்வொதுக்கம் பிற்காலத்திலே நம்மவரை ஒரு சிறு தனிக்கூட்டமாக்கிற்று.

வாயில் அடைபட்ட வரலாறு

மலாயா சென்றோரின் வலிமை எதுவோ அதுவே அவர்தம் மெலிவுமாயிற்று. அவர்கள் பெரும்பாலும் ஒரே முதலாளியை, அஃதாவது அரசாங்கத்தை, நம்பி வாழ்ந்தனர். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ஈயத்தின் விலையையும் இறப்பரின் விலையையும் வீழ்த்தவே, அரசாங்கம் ஆட்குறைப்பிலும் சம்பளக் குறைப்பிலும் இறங்கிற்று. ஆங்கிலங் கற்ற மலாயரின் தொகை பெருகப் பெருக அவர்க்கு முதலிடம் வழங்குங் கொள்கை வலுப்பெற்றது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டதும், 1945 வரை காசுக்கட்டளையுங் கடிதமும் தடைப்பட்டன. கணவன் உயிரோடுளனோ இலனோ என அறியாது குடாநாட்டிற் காத்திருந்த குடும்பங்கள் பல. 1957இல் மலாயா சுதந்திரம் பெற்ற பின்னர், குடியுரிமையும் தேசிய மொழி அறிவும் அரசாங்கப் பணிக்கு அடிப்படையாயின.

இம்மாற்றத்தைத் தாங்கி நின்றோர் யாவர்? தம் பிள்ளைகளைத் தந்தையின் மேசைக்கு வாரிசாக்காது, சட்டம், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளிற் புகுத்தியோரும், சென்ற நாட்டையே தம் நாடாக ஏற்று அதன் பொதுவாழ்விற் பங்குகொண்டோருமே அவர். தைப்பிங்கிற் பிறந்த துரைசிங்கம் 1951இல் மலாயாக் கூட்டரசின் கல்விப் பொறுப்பை ஏற்றார். 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்து சிரம்பானில் வளர்ந்த இராஜரத்தினம் 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரானார்.

இன்று புறப்படுவோர் கவனத்துக்கு

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1970களின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் கற்ற தமிழரை மீண்டும் கடல்கடக்கத் தூண்டின. 1983க்குப் பின் நிகழ்ந்ததோ உயிர் காக்க ஓடிய ஓட்டம். அதனைத் திட்டமிட்ட பெயர்ச்சியோடு ஒருங்கு வைத்து எண்ணுதல் பொருந்தாது. இன்று மாணவர் எண்ணுவது மலாயாவை ஒத்த பெயர்ச்சியையே. ஆதலின், அதன் பாடங்கள் இவர்க்குப் பொருந்துவனவாம்.

முதலாவது, தகைமையை அளக்கும் அளவுகோல் இன்று பொதுவானதன்று. கேம்பிரிட்ஜ் பரீட்சையின் இடத்தைக் கல்வித் தகைமை மதிப்பீடும் மொழிப் பரீட்சையும் பெற்றுள்ளன. கனடாவின் முறையில் முன்னையது ஐந்தாண்டும் பின்னையது இரண்டாண்டுமே செல்லுபடியாகும். உரிய காலத்துக்கு முன்னர்ப் பெற்ற சான்று பயனின்றிக் கழிதல் கூடும். சில துறைகளிற் பொது அளவுகோல் இன்றும் உண்டு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினராயிற்று. அந்நிறுவகம் அங்கீகரித்த பட்டத்தைப் பிற உறுப்பு நாடுகளும் ஒத்த தரத்தினதாக மதிக்கும். தாம் சேரவிருக்கும் பாடநெறி அவ்வங்கீகாரம் பெற்றதா என வினவுதல் மாணவர் கடனாகும்.

இரண்டாவது, நாட்டினுட் புகும் அனுமதி வேறு. தொழில் புரியும் அனுமதி வேறு. மருத்துவர், தாதியர் முதலியோர் குடிவரவு விசாவைப் பெற்றபின்னும், அந்நாட்டுத் தொழிற்சபையின் பரீட்சையிற் சித்தியெய்திப் பதிவு பெறாது தம் தொழிலைச் செய்தல் இயலாது. இவ்வேறுபாட்டை அறியாது சென்ற கற்றோர் பலர் தம் துறைக்குப் புறம்பான வேலைகளிற் காலங் கழிக்க நேர்ந்துள்ளது.

மூன்றாவது, வாயில் என்றும் ஒரே அளவிற் றிறந்திராது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கனடா தனது தெரிவு முறையில் வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு வழங்கிய புள்ளிகளை நீக்கிற்று. அவ்வாண்டு யூலை மாதத்திலே பிரித்தானியா பராமரிப்புப் பணியாளரை வெளிநாடுகளிலிருந்து புதிதாகச் சேர்க்கும் வழியை மூடிற்று. அவ்வொரு வழியையே நம்பிக் காணியை ஈடுவைத்தவன் நிலை யாதாகும்? ஒரு நாட்டின் ஓராண்டுத் தேவையைக் கருதி வாழ்நாட் கல்வியைத் தெரிதல் அறிவுடைமையாகாது.

நான்காவது, மாமனும் மைத்துனனும் இருந்த இடத்திலே இன்று முகவர் நிற்கின்றனர். மாமன் தன் பெயரைப் பிணைவைத்தான். முகவன் பிறன் பணத்தையே பிணையாகக் கேட்கின்றான். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றவனா என உறுதிசெய்யாது, வெளிநாட்டு வேலை பெற்றுத்தருவதாகக் கூறும் எம்முகவனுக்கும் பணமுங் கடவுச்சீட்டும் கொடுத்தலாகாது. சென்ற நாட்டிலே தம் துறையிற் பணிபுரியும் பழைய மாணவரிடம் உண்மை நிலையை வினவி அறிதல் இதனினுஞ் சிறந்தது. கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் நன்கொடை திரட்டுவதோடு அமையாது, இத்தகைய அறிவுரையையும் ஒழுங்காக வழங்குமாயின், அந்நாட் சமறி வீடு செய்த உதவியை இந்நாளில் அவை செய்தனவாகும்.

முடிவுரை

மலாயாப் பெயர்ச்சி எழுபது ஆண்டளவு நம் குடாநாட்டை வாழ்வித்தது. அதன் வெற்றி கப்பலேறிய நாளில் தொடங்கியதன்று. பள்ளியறையிலே, பல்லாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. அதன் தளர்ச்சியும் திடீரென நேர்ந்ததன்று. ஒரு தொழிலையும் ஒரு முதலாளியையும் நிலையென நம்பிய நாளிலேயே அது வித்திடப்பட்டது. ஆதலின், செல்ல விழையும் மாணவன் இங்கும் அங்கும் ஒருங்கே பயன்படத்தக்க தொழில் ஒன்றை ஐயந்திரிபறக் கற்றுக்கொள்வானாக. அத்தகையோனுக்கு வாயில் திறப்பின் செல்லுதலும், அடைபடின் இங்கிருந்தே வாழுதலும் இயலும். அவ்விரண்டுக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்தலே கல்லூரிகளின் பணியாதல் வேண்டும் என்பது எமது துணிபு.