ஒரே வழங்குநருக்குள் அனுப்பப்படும் எரித மின்னஞ்சல்: மூலம் அறிதலும் முறையிடலும்

ஆய்வுச் சுருக்கம்

அனுப்புநரும் பெறுநரும் ஒரே மின்னஞ்சல் வழங்குநரிடம் கணக்கு வைத்திருக்கும்போது, எரிதத்தின் மூலத்தைப் பெறுநர் எந்த எல்லைவரை அறிய இயலும் என்பதை இக்கட்டுரை ஜிமெயிலைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது. மடலின் தலைப்புரை கணக்கை உறுதிசெய்யும், ஆளை உறுதிசெய்யாது. ஆகவே முழுத் தலைப்புரையுடன் வழங்குநரிடம் காலத்தே முறையிடுவதே உரிய வழி என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: எரிதம், தலைப்புரை, மின்னொப்பம், வழங்குநர், முறையீடு.

முன்னுரை

கேளாமலே பலருக்கு ஒருசேர அனுப்பப்படும் மின்னஞ்சல் எரிதம் எனப்படும். 1978 மே மாதத்தில் கேரி துர்க் என்பார் அர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய கணினி விளம்பரம் இதன் முதற் சான்றாகக் குறிக்கப்பெறுகிறது. இன்று ஆய்வாளருக்கு வரும் எரிதம் விளம்பரத்தோடு நிற்பதில்லை. கட்டணம் செலுத்தினால் உடனே கட்டுரை வெளியிடுவதாகக் கூறும் போலி இதழ்களின் அழைப்பும், துறைத்தலைவர் பெயரில் பணம் கேட்கும் மடலும் வருகின்றன. இரு முகவரிகளும் ஜிமெயிலாக இருப்பின் அனுப்பியவரை எளிதில் கண்டறியலாம் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

அனுப்புநர் முகவரியும் தலைப்புரையும்

மின்னஞ்சல் பரிமாற்றத்திற்கான எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் வரையறுத்தபோது, அனுப்புநர் தாம் கூறும் முகவரிக்கு உரியவரா எனச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. அஞ்சல் உறையில் அனுப்புநராக எவர் பெயரையும் எழுதலாம்; அது புறப்பட்ட இடத்தை அஞ்சலக முத்திரையே காட்டும். மின்னஞ்சலில் அம்முத்திரைக்கு நிகரானவை தலைப்புரையிலுள்ள ‘ரிசீவ்டு’ வரிகள். மடலைக் கைமாற்றும் ஒவ்வொரு சேவையகமும் தன் வரியை மேற்புறத்தில் சேர்ப்பதால், இவற்றைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். எனினும் கீழ்வரிகளை மோசடியாளரே புனைந்திருக்கக் கூடும். பெறுநரின் வழங்குநர் சேர்த்த வரிகளே நம்பத்தக்கவை.

அகமடலா, புறமடலா?

மடல் உண்மையிலேயே வழங்குநருக்குள்ளிருந்து புறப்பட்டதா என்பதே முதலில் தீர்க்கவேண்டிய வினா. ஜிமெயிலைக் கணினி உலாவியில் திறந்து, மடலின் பட்டியில் அசல் வடிவத்தைக் காட்டும் தேர்வைச் சொடுக்கினால் முழுத் தலைப்புரையும் தோன்றும். அங்கு மூன்று சோதனைகளின் முடிவுகள் தரப்படுகின்றன. அனுப்பிய சேவையகம் அக்களப்பெயருக்கு ஒப்புதல் பெற்றதா என எஸ்பிஎஃப் சோதிக்கிறது. களப்பெயருக்குரிய மின்னொப்பம் செல்லுமா என டிகேஐஎம் சோதிக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு ஒத்துள்ளனவா என்பதை டிமார்க் காட்டுகிறது.

ஜிமெயில் களப்பெயருக்குரிய மின்னொப்பம் தேறியிருப்பின் அதனை அகமடல் எனக் கொள்ளலாம். சோதனைகள் தேறாமல் வெளிச் சேவையகமொன்றின் ஐபி முகவரி காணப்பட்டால், அனுப்புநர் முகவரி போலியாக இடப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அந்நிலையில் முகவரிக்கு உரியவர்மேல் குற்றஞ்சாட்டுவது, மோசடிக்கு ஏற்கெனவே இரையான ஒருவரை மீண்டும் தண்டிப்பதாகும்.

தடத்தின் எல்லை

அகமடல் என்பது உறுதியான பின்னும் ஆளை அறிந்ததாகாது. உலாவி வழியே எழுதப்பட்ட ஜிமெயில் மடலின் தலைப்புரையில் எழுதியவரின் ஐபி முகவரி இடம்பெறுவதில்லை. காணப்படும் எண்கள் கூகுள் சேவையகங்களுக்கு உரியவை. அவற்றை இணையத்தில் தேடி, வரைபடம் காட்டும் ஊரை அனுப்பியவரின் ஊராகக் கருதுவது பிழை. ஜிமெயிலின் வரிகளில் பதிவாகும் அமெரிக்கப் பசிபிக் நேரமும் அனுப்பியவரின் இருப்பிடத்திற்குச் சான்றாகாது.

கணக்கே களவு போயிருக்கவும் கூடும். கடவுச்சொல்லை இழந்த பேராசிரியர் ஒருவரின் கணக்கிலிருந்து பிறர் அனுப்பும் எரிதமும் மூன்று சோதனைகளிலும் தேறும். கணக்கினுள் எந்த ஐபி முகவரியிலிருந்து, எப்போது நுழைந்தனர் என்னும் பதிவு வழங்குநரிடமே உள்ளது. சட்டவழிக் கோரிக்கையின்றி அது பெறுநருக்குக் கிட்டாது.

முறையிடும் வழி

‘அப்யூஸ்’ என்னும் பெயரில் முறையீட்டு முகவரி பேணும் வழக்கத்தை 1997-இல் வெளியான இணையத் தரக்குறிப்பு வகுத்தது. இன்று ஜிமெயிலில் எரிதத்தை அறிவிக்கும் பொத்தானும், தூண்டில் மடலுக்கெனத் தனித் தேர்வும், குறிப்பிட்ட கணக்கின்மேல் முறையிடுவதற்கான இணையப் படிவமும் உள்ளன. பொத்தான் வடிகட்டிக்குத் துணைசெய்யும். ஒரு கணக்கைப் பற்றிய விரிவான முறையீட்டிற்குப் படிவமே ஏற்றது. மடலை வழக்கம்போல் பிறருக்கு முன்னனுப்பினால் மூலத் தலைப்புரை நீங்கிவிடும். எனவே அசல் வடிவத்தைக் கோப்பாகத் தரவிறக்கிப் பாதுகாத்தல் வேண்டும். மடலை அழிப்பது சான்றை அழிப்பதாகும்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மடலின் மூலத்தை மறைத்து ஏமாற்றுவதையும் குற்றமாக்கியிருந்தது. கருத்துரிமைக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2015-இல் அப்பிரிவு முழுவதையும் நீக்கியது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதலுக்கு 66டி பிரிவு பொருந்தும். அதற்கு 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பணம் இழந்தோர் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம். கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பேணுமாறு செர்ட்-இன் அமைப்பு 2022-இல் ஆணையிட்டது. அதற்குப் பின்னும் பதிவு எஞ்சியிருக்கும் என்பதற்கு உறுதியில்லை; ஆகவே காலந்தாழ்த்துதல் தடத்தை இழக்கச் செய்யும்.

முடிவுரை

ஒரே வழங்குநருக்குள் நிகழும் எரிதத்தில் கணக்கை அறிதல் எளிது. ஆளை அறிதல் பெறுநரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அகமடலா புறமடலா எனத் தெளிதல், சான்றைச் சிதையாமல் காத்தல், வழங்குநரிடமும் தேவையெனில் காவல்துறையிடமும் விரைந்து முறையிடுதல் ஆகியவை பெறுநரின் கடமைகள். தலைப்புரையில் கண்ட பெயரைக் குற்றவாளியின் பெயராகப் பிறரிடம் பரப்புவது அவற்றுள் அடங்காது.