எதிராளி இல்லாத சண்டை

தாய் ச்சி என்று நாம் சொல்லும் சீன உடற்பயிற்சியின் பெயரில் கடைசித் துண்டு நம் நாவில் உதிர்ந்துபோய்விட்டது. முழுப்பெயர் தாய்ஜிச்சுவான். தாய்ஜி என்பது சீனத் தத்துவத்தில் யின், யாங் என்று இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய மூலநிலை. சுவான் என்றால் முஷ்டி, அதாவது கைச்சண்டை. பூங்காவில் தளர்ந்த வெள்ளை உடையில் முதியவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் அசைவதை மட்டுமே பார்த்த கண்ணுக்கு அதில் சண்டை எங்கே இருக்கிறது என்று புரியாது. ஆனால் உதிர்ந்துபோன அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது என்று நினைக்கிறேன். வயதானவர்கள் கீழே விழுவதைத் தாய் ச்சி குறைக்கிறது என்று கடந்த முப்பது ஆண்டுகளில் பல மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பலனை அதன் சாந்தத்துக்கோ கீழைத்தேய மர்மத்துக்கோ எழுதிவைப்பதுதான் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவரை ஒருவர் தள்ளிச் சாய்ப்பதற்காகவும், தள்ளினால் சாயாமல் இருப்பதற்காகவும் வடிவமைக்கப்பட்ட பயிற்சி அது. முதுமையில் எதிராளி மாறுகிறார், அவ்வளவுதான். தள்ளுகிற ஆளுக்குப் பதில் குளியலறையின் ஈரத்தரை, கண்ணுக்குத் தெரியாத வாசற்படி, சட்டென்று கிளம்பும் பேருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இந்தக் கலையின் வரலாற்றில் உறுதியாகக் கால்வைக்கக்கூடிய இடம் ஹெனான் மாநிலத்தில் வென் வட்டத்திலுள்ள சென்ஜியாகோ கிராமம். 17ஆம் நூற்றாண்டில், மிங் ஆட்சி சரிந்து சிங் ஆட்சி எழுந்த காலத்தில், சென் வாங்டிங் என்பவரின் குடும்பத்தில் இது உருவாகி வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் என்ற வெளியாள் அந்தக் குடும்பத்தின் சென் சாங்ஷிங்கிடம் கற்றுப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ காலத்தில்தான் துள்ளலும் தரையதிர மிதிப்பதும் கழிந்து, இன்று நாம் பார்க்கும் நிதானமான, அகன்ற அசைவுகள் நிலைபெற்றன. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதையும் சுருக்கி 24 அசைவுகள் கொண்ட ஒரு வரிசையாக்கியது. முழுவதும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். இன்று உலகெங்கும் பரவலாகக் கற்றுத்தரப்படுவது இதுதான். ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி வூடாங் மலையில் இதைக் கண்டுபிடித்தார் என்பது கதை. காஞ்சிபுரத்து இளவரசர் போதிதர்மர் ஷாவ்லின் மடத்துத் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்று 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப் பிறகு நம்மில் பலர் நம்புவதும் அந்த வகைதான். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் சண்டைக்கலை பற்றிப் பேச்சே இல்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதை டாங் ஹாவ் போன்ற சீன வரலாற்றாசிரியர்களே காட்டிவிட்டார்கள். பெருமைப்பட நமக்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

அசைவைப் பார்ப்போம். சாதாரணமாக நாம் நடப்பது விழுவதும் பிடித்துக்கொள்வதுமாகத்தான் நடக்கிறது. உடம்பின் எடை முன்னால் சரிய, அது விழுவதற்குள் கால் போய்த் தாங்குகிறது. இளமையில் அந்தக் கால் தவறாமல் வந்து சேரும். அறுபது எழுபதைக் கடந்தபின் தொடைத்தசை மெலிந்து, பாதத்தின் உணர்வு மங்கி, கால் அரைநொடி தாமதிக்கிறது. தாய் ச்சி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. எடை முழுவதும் ஒரு காலில் இருக்க, மற்றக் கால் வெறுமையாக முன்னே போய்க் குதிகாலால் தரையைத் தொட்டுப் பார்க்கும். தரை சரி என்று தெரிந்தபின் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல் எடை அதற்கு மாறும். தரை சரியில்லையென்றால் காலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இதைச் சீன ஆசான்கள் நிறைந்த கால், வெறும் கால் என்று பிரித்துச் சொல்வார்கள். இப்படி நடக்கக் காரணம் சண்டைதான்: எடை முழுதும் போய்விழுந்த காலை எதிராளி தட்டிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. முழங்கால் எப்போதும் சற்று மடங்கியிருக்கும். அதனால் தொடைக்கு ஓய்வே கிடையாது. மெதுவாகச் செய்வதில் இன்னொரு கண்டிப்பும் இருக்கிறது. வேகமாக வீசும்போது வேகமே உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மெதுவாகச் செய்யும்போது ஏமாற்ற முடியாது. ‘மேகம்போல் கைகளை அசைத்தல்’ பக்கவாட்டில் நடக்கப் பழக்குகிறது. ‘பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்றல்’ என்ன பழக்குகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இவற்றுக்கு மேல் துய்ஷோ என்ற தள்ளு கைப் பயிற்சி. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, ஒருவர் தள்ள மற்றவர் விறைக்காமல் இடுப்பைத் திருப்பி அந்தத் தள்ளலை வழிந்துபோகவிடுவார். மரம்போல் அசையாமல் நிற்பதை இந்தக் கலை மதிப்பதில்லை. நாணலுக்குத்தான் இங்கே மரியாதை.

நாணல் என்பது அழகுக்குச் சொன்னதல்ல. அமெரிக்காவில் அட்லான்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் வுல்ஃப் தலைமையில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு இந்தத் துறையின் தொடக்கக்கல். எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேர். ஒரு குழு 15 வாரம் தாய் ச்சி கற்றது. இரண்டாவது குழு கணினியோடு இணைந்த மேடையில் ஏறி நின்று ஆடாமல் இருக்கப் பழகியது. மூன்றாவது குழு உடல்நலம் பற்றிய பேச்சுகளைக் கேட்டது. தாய் ச்சி குழுவில் திரும்பத் திரும்ப விழும் அபாயம் 47.5 சதவீதம் குறைந்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. மேடையில் நிறுத்தி ஆட்டத்தை அளந்தபோது கணினியில் பழகியவர்கள்தான் முன்பைவிட ஆடாமல் நின்றார்கள். தாய் ச்சி கற்றவர்களின் ஆட்டம் பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் விழுவது குறைந்தது தாய் ச்சி கற்றவர்களிடம். அசையாமல் நிற்கும் திறமை ஒன்று, அசைந்தபின் மீளும் திறமை வேறு. வாழ்க்கையில் ஆளைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான் என்றே இதைப் படிக்கிறேன். விழுந்துவிடுவோமோ என்ற பயமும் தாய் ச்சி குழுவில் குறைந்தது. அந்தப் பயம் சின்ன விஷயமல்ல. பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார், நடக்காததால் கால் மெலிகிறது, கால் மெலிந்ததால் விழுகிறார்.

ஓரிகான் மாநிலத்தில் ஃபூஜோங் லீ நடத்திய ஆய்வுகள் இதே திசையில் இன்னும் தூரம் போயின. 2012இல் நடுக்குவாத நோயாளிகள் 195 பேரிடம் தாய் ச்சி, எடை கொண்டு செய்யும் பயிற்சி, உடலை நீட்டும் பயிற்சி மூன்றையும் ஒப்பிட்டார். உடம்பை எவ்வளவு தூரம் சாய்த்துத் திரும்ப முடியும் என்ற அளவையில் தாய் ச்சி முந்தியது. 2018இல் வெளியானதில் ஏற்கெனவே விழுந்த அல்லது நடை தளர்ந்த 670 முதியவர்கள், 24 வாரம், வாரம் இரண்டு முறை. நீட்டும் பயிற்சிக் குழுவைவிடத் தாய் ச்சி குழுவில் விழுதல்கள் 58 சதவீதம் குறைவு. சமநிலை, வலிமை, நடை எல்லாம் கலந்த பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. இந்த ஆய்வுக்காக அவர் மரபு வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு அசைவுகளைத் தேர்ந்து, கணுக்காலிலிருந்து உடம்பை வேண்டுமென்றே விழுகிற எல்லைவரை சாய்த்து மீட்டுக்கொண்டுவரும் பயிற்சிகளை அவற்றோடு சேர்த்தார். தள்ளு கை செய்வதும் இதைத்தான், தள்ளுவதற்கு ஆள் இல்லை என்பதைத் தவிர.

எல்லா முடிவுகளும் இப்படி இனிப்பாக இல்லை. அதே வுல்ஃப் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தளரத் தொடங்கிய 311 முதியவர்களுக்கு 48 வாரம் பயிற்சி தந்தும் கிடைத்த குறைவு தற்செயலை மறுக்கும் அளவுக்கு இல்லை. நெதர்லாந்தில் 269 பேரிடம் 13 வாரம் நடத்திய ஆய்வு ஒரு பலனும் இல்லை என்றது. உலகெங்கும் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவின் 2019 அறிக்கை தாய் ச்சிக்குக் கொடுத்த மதிப்பெண் அடக்கமானது: விழுதல்கள் சுமார் 19 சதவீதம் குறையக்கூடும், சான்றின் உறுதி குறைவு. உட்கார்ந்து எழுவது, படியேறுவது போன்ற சமநிலைப் பயிற்சிகளுக்கு 24 சதவீதம். அவற்றோடு எடைப்பயிற்சியும் சேர்ந்தால் 34. ஆகவே தாய் ச்சிதான் சிறந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இந்த எண்கள் என் வாதத்தைக் கெடுப்பதாகவும் தோன்றவில்லை. பட்டியலில் மேலே நிற்பவை எல்லாமே நின்றபடி எடையை மாற்றுபவை, சமநிலையைச் சோதிப்பவை. தாய் ச்சி வேலை செய்வதும் அதே வாசல் வழியாகத்தான். தளர்ந்துபோனபின் தொடங்கினால் பலன் நிச்சயமில்லை என்பது 2003 ஆய்வு தரும் தனிப்பாடம்.

இங்கே ‘ச்சி’ என்ற உயிராற்றலை நம்புகிறவர்கள் குறுக்கிடுவார்கள். முதலில் ஒரு சிறிய திருத்தம்: தாய் ச்சி என்ற பெயரில் இருக்கும் ‘ச்சி’ அந்த உயிராற்றல் அல்ல. சீன எழுத்தில் இரண்டும் வேறு. இங்கே உள்ளதற்கு உச்சம், எல்லை என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றுபோல் ஆகி, தமிழுக்கு வரும்போது முழுக்க ஒன்றாகிவிட்டது. உயிராற்றல் என்ற சொல்லை மூச்சு, கவனம், தளர்வு ஆகியவற்றை ஒன்றாக நினைவூட்டும் ஆசானின் குறிச்சொல்லாக எடுத்துக்கொண்டால் எனக்குச் சண்டையில்லை. அது நோயைக் கரைக்கிறது என்று சொல்லி மருந்தை நிறுத்தச் சொன்னால், அந்த வகுப்பிலிருந்து எழுந்து வருவதே நல்லது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஐயவாதிகள் கேட்பது இதைவிட நல்ல கேள்வி: பயிற்சி செய்கிறவருக்குத் தான் செய்வது தாய் ச்சி என்று தெரியுமே, நம்பிக்கையே பலனாகிவிடாதா? வலி போன்ற, கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவைகளில் அந்த ஆபத்து உண்டுதான். விழுந்த எண்ணிக்கை அப்படி எளிதில் வளையாது. அதுவும் வேறொரு நல்ல பயிற்சியைச் செய்தவர்களோடு ஒப்பிடும்போது.

இவ்வளவு மெதுவாகச் செய்வது உடற்பயிற்சி ஆகுமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல் சுமார் மூன்று மடங்கு ஆற்றலைச் செலவழிக்க வைக்கிறது. மிதமான நடைக்கு நிகர். ஹாங்காங்கில் வயிறு பருத்த 543 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதில் வழக்கமான பயிற்சிக்கு அது குறைந்ததாக இல்லை. பெய்ஜிங்கில் ரத்த அழுத்தம் எல்லையில் இருந்த 342 பேர் ஓராண்டு பழகியபோது மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. வேகநடை, சைக்கிள் வகைப் பயிற்சி செய்தவர்களுக்கு 4.6. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கடும் வேலை வேண்டுமென்கிற இளைஞருக்கு இது போதாது. எலும்பும் தசையும் வலுப்பட எடை தூக்குவதற்கும் இது மாற்றல்ல.

இவற்றைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. 2017 ஏப்ரலில் செங்டூ நகரில், கலப்புச் சண்டைப் போட்டியாளர் ஷூ சியாவ்டோங், தாய் ச்சி ஆசான் ஒருவரை அரைநிமிடத்துக்குள் தரையில் வீழ்த்தினார். காணொளி சீனாவையே கலக்கியது. சண்டையே போட முடியாத சண்டைக்கலையின் சண்டைக்குணம்தான் முதியவர்களைக் காக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் எதிர்த்துத் தள்ளுகிறவரோடு பழகாமல் தனியாகவே அசைந்துகொண்டிருப்பவர், தள்ளப்படும்போது என்ன ஆவார் என்பதைத்தான் அந்த அரைநிமிடம் காட்டியது. அடிப்பதும் அடியைத் தவிர்ப்பதும் வேறு பாடம். பூங்கா வகுப்புகளில் அது எப்போதோ காணாமல் போய்விட்டது. எடையை மாற்றுவதும் சாய்ந்து மீள்வதும் அசைவுகளுக்குள்ளேயே தைக்கப்பட்டிருப்பதால் தப்பிப் பிழைத்தன. அவையும் தேய்ந்துபோய் வெறும் கைவீச்சு நடனமாகிவிட்ட வகுப்புகள் இருக்கின்றன. இணையத்தில் பார்த்துக் கையை மட்டும் பழகுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

அதனால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசானின் பரம்பரையைவிட அவர் எங்கே பார்க்கிறார் என்பதைக் கவனிக்கலாம். கையைத் திருத்துவதற்கு முன் காலைத் திருத்துகிறாரா? எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கேட்கிறாரா? முழங்கால் உள்ளே மடியாமல் பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே போகிறதா என்று குனிந்து பார்க்கிறாரா? இது முக்கியம்: பாஸ்டனில் 204 பேரிடம் நடந்த ஆய்வில் முழங்கால் தேய்மான வலிக்குத் தாய் ச்சி இயன்முறை சிகிச்சைக்கு நிகராக உதவியது, அதே அசைவைத் தாழ்ந்து நின்று முழங்காலைத் திருகிச் செய்தால் வலியை வரவழைக்கும். சில வாரங்கள் கழித்தாவது ஜோடி சேர்த்து நிறுத்தி மெல்லத் தள்ளிப்பார்க்கச் சொல்கிறாரா என்றும் பாருங்கள். ஆய்வுகளில் பலன் தெரிந்தது பெரும்பாலும் வாரம் இரண்டு மூன்று முறை, ஒரு மணி நேரம், மூன்றிலிருந்து ஆறு மாதம் செய்தபின். தலைச்சுற்றல் உள்ளவர்களும் மூட்டு மாற்றியவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, கைப்பிடிக்க ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தொடங்கலாம்.