உயிரியற் பொறியியலும் கடல் கடந்த மாணவனும்

உடலும் ஒரு பொறியே என்னும் கருத்துப் பழையது. இதயம் பம்பியையும், எலும்பு சுமைதாங்கும் தூணையும், நாடிகள் நீர்க்குழாய்களையும் ஒப்பன எனப் பலர் கூறிப் போந்தனர். ஆயினும், பாலத்துக்கும் விமானச் சிறகுக்கும் பயன்படும் கணிதத்தை உயிருள்ள இழையத்துக்கும் பிரயோகிக்கும் கல்வி, பல்கலைக்கழகங்களிலே தனித்துறையாக நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயாம். அதனை நிறுவியோருள் முதன்மையான ஒருவர், அயல்நாட்டு மாணவராகவே அமெரிக்காவை அடைந்தவர். அவர் கற்கச் சென்றதோ விமானப் பொறியியல்.

யுவான் செங் ஃபங் 1919 இல் சீனாவின் சாங்சோ நகரிற் பிறந்தார். யப்பானியப் படையெடுப்பினால் உள்நாட்டுச் சொங்கிங் நகருக்குப் பெயர்ந்திருந்த தேசிய மத்திய பல்கலைக்கழகத்தில் 1941 இற் பட்டமும் 1943 இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். போர் முடிந்தபின் புலமைப்பரிசில் பெற்றுக் கலிபோர்ணியாத் தொழினுட்பக் கழகம் சேர்ந்து, 1948 இற் கலாநிதியானார். காற்றின் விசையால் விமானச் சிறகு வளைந்து நடுங்குவது ஏன் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். அதுபற்றி 1955 இல் வெளியான அவரது நூல் அத்துறையினர் பெரிதும் போற்றியதொன்று.

1957 இல் விடுமுறையாண்டைக் கழிக்க அவர் சேர்மனியின் கெற்றிங்கன் நகருக்குச் சென்றிருந்தார். அவ்வேளை சீனாவிலிருந்த தாயாருக்குக் கண்ணழுத்த நோய் கண்டது. மகனால் உடன் செல்ல இயலவில்லை. நூலகத்திற் புகுந்து அந்நோய் பற்றிய புதிய ஆய்வுகளைப் படித்தார். சீன மொழியிற் பெயர்த்துத் தாயாரின் வைத்தியருக்குச் சேருமாறு அனுப்பினார். கண்ணினுள் ஊறும் திரவம் வெளியேறாது தேங்குதலால் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு கெடுதலே அந்நோயின் பொதுவியல்பு. திரவம், அழுத்தம், சவ்வு ஆகிய மூன்றும் பொறியியலாளன் நாளும் கையாளும் பொருள்களன்றோ? உடற்றொழிலியல் நூல்களை அவர் தொடர்ந்து கற்கலானது இவ்வாறேயாம்.

கற்கக் கற்க ஓர் உண்மை புலனாயிற்று: உருக்குக்குப் பொருந்தும் விதி தசைநாருக்குப் பொருந்தாது. உருக்குக் கம்பியை இழுத்தால், ஓரெல்லைவரை தகைப்பும் விகாரமும் நேர்விகிதசமனாகும். தோலையோ நாடிச்சுவரையோ இழுத்தால் முதலிற் சிறு விசைக்கே எளிதில் நீளும். பின்னர் விரைந்து விறைப்பேறும். சுருண்டு கிடக்கும் கொலாசன் நார்கள் நிமிர்ந்து சுமையை ஏற்பதே இதற்குக் காரணம். இவ்வுறவு அடுக்குக்குறிச் சார்பாக ஏறுவதை ஃபங் கணித வடிவிற் காட்டினார்.

இதனினும் வியப்பானது நாடி வளையச் சோதனை. உடலினின்றும் எடுத்த நாடியில் மெல்லிய வளையமொன்றை அரிந்து, அதன் சுவரை ஓரிடத்தில் வெட்டினால், வளையம் வில்லைப்போல் விரிந்துவிடும். குருதியழுத்தம் இல்லாதபோதும் சுவரின் உட்புறம் நெருக்குண்டும் வெளிப்புறம் இழுபட்டும் இருந்தமையே அதற்கு ஏது. 1980களில் அவரும் வேறு சிலரும் இதனை விளக்கினர். இவ்வெஞ்சிய தகைப்பு இருத்தலாற்றான், குருதி பாயும்போது சுமை சுவரின் உட்புறத்தே குவியாது ஏறக்குறைய எங்கும் சமமாகப் பரவுகின்றது. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை இறுக்கும் தச்சனும் இதையொத்த உபாயத்தையே கையாள்கின்றான்.

1966 இல் ஃபங் தமது விமானவியற் பதவியைத் துறந்து, சான் டியேகோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் சுவைபாக், இந்தாலியெற்றா என்னும் இருவருடன் உயிரியற் பொறியியற் கல்வியைத் தொடங்கினார். புகழ்பெற்ற துறையை நாற்பத்தாறாம் வயதிற் கைவிடுதல் எளிதன்று. 2019 திசம்பரில், நூறு வயது நிரம்பியபின், அவர் காலமானார்.

இன்று இத்துறையை நாடி அமெரிக்கா செல்லும் மாணவன் இரு திறத்துக் கல்வியையும் ஒருங்கே சுமத்தல் வேண்டும். பொறியியல் கற்றவனுக்கு உடற்றொழிலியலும், உயிரியல் கற்றவனுக்கு வகையீட்டுச் சமன்பாடும் இடர் தரும். பின்னதே பெரிய இடர். இப்பட்டம் வைத்தியத் தொழிலுக்கு உரிமை தருவதன்று என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று.

பொருள்நிலையும் கருதத்தக்கது. கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்வோர்க்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு. முதுமாணிப் பட்டத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் தம் பொருளையே செலவிடுவர். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பயிற்சிக் கொடைகளுட் பல, குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உடையார்க்கே உரியன. ஆதலின், அயல்நாட்டு மாணவனின் ஊதியம் பெரிதும் அவனுடைய மேற்பார்வையாளரின் ஆய்வுப்பணத்தையே சார்ந்திருக்கும். அப்பணம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு உளது என்பதை, புறப்படுமுன் எழுதிக் கேட்பது அவமரியாதை ஆகாது.