மருந்தின் அளவை மாற்றும் போதை

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் புறநோயாளர் பகுதியில் மலையாளத்துக்கு இணையாகத் தமிழும் ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள், மாநில எல்லை மாறிய பிறகும் இதயத்துக்கும் மூளைக்கும் புற்றுநோய்க்கும் இந்நகரத்தையே நாடி வருகின்றனர். எம். எஸ். வலியத்தானின் தலைமையில் இக்கழகம் உருவாக்கிய சித்ரா செயற்கை இதய வால்வு 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வளையத்துக்குள் ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறந்து மூடும் அந்த வால்வு ஏராளமான உயிர்களைக் காத்துவருகிறது. ஆயினும், அதைப் பெற்றவர் ஒவ்வொருவரும் வால்வில் இரத்தக்கட்டி படியாமலிருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற உறைவுத்தடை மாத்திரை ஒன்றை வாழ்நாள் முழுதும் உட்கொண்டாக வேண்டும். போதைப்பொருள் மருந்தின் போக்கை எவ்வாறு மாற்றுகிறது என்பதை விளக்க இம்மாத்திரையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

இம்மாத்திரை உட்கொள்வோரின் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். ஒரு பத்தியில் தேதி, அடுத்ததில் ஐ.என்.ஆர். எனப்படும் எண், அதற்கடுத்து மாத்திரையின் அளவு என அது நீண்டுகொண்டே போகும். இரத்தம் உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தை இயல்பானவரின் நேரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. இயல்பானவருக்கு அது 1 என்ற அளவில் இருக்கும். செயற்கை வால்வு உள்ளவருக்கு, வால்வின் இடத்தையும் வகையையும் பொறுத்து, 2 முதல் 3.5 வரையிலான எல்லைக்குள் அதை நிறுத்த மருத்துவர் முயல்வார். எண் ஏறினால் மூளையிலோ குடலிலோ இரத்தக்கசிவு நேரலாம். இறங்கினால் வால்விலேயே கட்டி படிந்து தட்டு அசையாமல் போகலாம். அந்தக் குறிப்பேட்டில் மதுவுக்கும் பீடிக்கும் கஞ்சாவுக்கும் பத்தி கிடையாது. எண் காரணமின்றி ஏறி இறங்குவதுபோலத் தோன்றும் பல சமயங்களில் விடை இருப்பதோ அங்கேதான்.

உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை கல்லீரலில் உள்ள நொதிகளால், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களால், உருமாற்றப்பட்டு, நீரில் எளிதில் கரையும் பொருள்களாகிச் சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேறுகின்றன. இதுவே மருந்தின் வளர்சிதை மாற்றம். இப்பணியில் முதலிடம் வகிப்பது சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக்குடும்பம். அதன் உறுப்புகள் 2சி9, 1ஏ2, 2டி6, 3ஏ4, 2இ1 என எண்ணும் எழுத்தும் சேர்ந்த பெயர்களால் அறியப்படுகின்றன. கல்லீரல் மருந்துக்கென்றும் போதைக்கென்றும் தனித்தனி நொதிகளை வைத்திருப்பதில்லை. ஒரு போதைப்பொருள் ஒரு நொதியை அடைத்துக்கொண்டால் அதே நொதியை நம்பியிருக்கும் மருந்து இரத்தத்தில் தேங்கும். அந்நொதியைப் பெருகச் செய்தால் மருந்து பலனளிக்கும் முன்பே கரைந்துபோகும்.

மது இவ்விரண்டையும் செய்கிறது என்பதே அதன் தனிச்சிக்கல். ஒரே இரவில் மிகுதியாகக் குடிப்பவரின் உடலில் நொதிகள் மதுவில் சிக்கிக்கொள்வதால் வார்ஃபரின் சிதைவது தாமதமாகி ஐ.என்.ஆர். ஏறக்கூடும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவரின் கல்லீரலோ அந்த நொதிகளைக் கூடுதலாக உற்பத்தி செய்யப் பழகிவிடுவதால், அவர் குடிக்காத நேரத்தில் மருந்து வழக்கத்தைவிட வேகமாகச் சிதைந்து எண் இறங்குகிறது. அதே பழக்கம் கல்லீரலைச் சுருக்கி இறுகச் செய்யும் கட்டத்தில், உறைவுக்குத் தேவையான புரதங்களையே கல்லீரலால் செய்ய முடியாமல்போய், எண் மறுபடியும் ஏறுகிறது. ஆக, ஒரே மனிதர் ஒரே மாத்திரையின் ஒரே அளவைத் தவறாமல் உட்கொண்டும், தம் குடியின் வெவ்வேறு கட்டங்களில் மூன்று வெவ்வேறு நோயாளிகளாக மருத்துவர் முன் நிற்கிறார்.

நீண்டநாள் குடி கல்லீரலில் தனியொரு நொதி அமைப்பைத் தூண்டுகிறது என்பதை நியூயார்க்கில் பணியாற்றிய சார்லஸ் லீபர் 1968இல் எடுத்துக்காட்டினார். அதன் மைய நொதியே 2இ1. எல்லோர் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையின் ஒரு சிறு பங்கை இந்நொதி நச்சுப்பொருளாக மாற்றுகிறது. கல்லீரலில் உள்ள குளூட்டதயோன் என்னும் பொருள் அந்நச்சை உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடுவதால் இயல்பானவருக்குத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் நெடுநாள் குடிப்பவரிடம் நச்சை உண்டாக்கும் நொதி கூடியும், சரியாக உண்ணாத காரணத்தால் அதைத் தணிக்கும் பொருள் குறைந்தும் இருக்கின்றன. உடலில் மது இருக்கும் வரை அது அந்த நொதியைத் தன்னிடமே இழுத்து வைத்திருப்பதால், ஆபத்து கூடுவது குடித்துக்கொண்டிருக்கும்போது அன்று. குடியை நிறுத்திய அடுத்த ஓரிரு நாள்களில், தலைவலிக்கென்று மாத்திரைகளை அடுத்தடுத்து விழுங்கும்போதுதான்.

புகையிலையின் செய்தி வேறு. இங்கே நொதியைத் தூண்டுவது நிக்கோட்டின் அன்று. பீடி, சிகரெட்டு எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். புகைக்கப்படும் கஞ்சாவிலும் அவை உண்டு. அவை 1ஏ2 நொதியைப் பெருக்குவதால், மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின், ஓலன்சபின் ஆகிய மருந்துகளும் மூச்சிரைப்புக்கான தியோஃபிலினும் புகைப்பவர் உடலில் விரைந்து குறைகின்றன. இதன் விளைவைத் தெளிவாகக் காண வேண்டுமானால், எந்த மனநல மருத்துவமனையிலும் குளோசபின் உட்கொள்ளும் ஒரு பீடிப் பழக்கக்காரர் சேர்க்கப்பட்டபின் கழியும் முதல் வாரத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே பீடி கிடைக்காது. தூண்டுதல் நின்றதும் சில நாள்களிலேயே நொதி இறங்கிவிடும். வீட்டில் அவருக்குச் சரியாக இருந்த அளவு இப்போது மிகையாகி, பகலெல்லாம் அயர்ந்து கிடப்பார், வாயில் எச்சில் வழியும், சிலருக்கு வலிப்பும் வரும். அளவைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினால், மறுபடி பீடி பற்றவைத்த சில நாள்களில் மருந்து போதாமல் பழைய குரல்கள் திரும்பக் கேட்கத் தொடங்கும். மருந்தை விழுங்காமல் ஏமாற்றினார் என்ற பழி நோயாளியின்மேலும், கவனிக்கவில்லை என்ற பழி அவருடைய தாயின்மேலும் விழுகிறது. இருவருமே குற்றமற்றவர்கள்.

கஞ்சாவின் மூலக்கூறுகள் 2சி9 நொதியைத் தடுக்கக்கூடியவை என்பதால், வார்ஃபரின் உட்கொள்வோர் கஞ்சா பயன்படுத்தியபோது ஐ.என்.ஆர். ஆபத்தான அளவுக்கு ஏறிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கேரள இளைஞரிடையே பரவி, மாநிலக் காவல்துறை 'டி-ஹன்ட்' என்ற பெயரில் தனி வேட்டையே தொடங்கும் அளவுக்குப் போன போதைப்பொருள்களில் முக்கியமான எம்.டி.எம்.ஏ., தன்னைச் சிதைக்கும் 2டி6 நொதியையே முடக்கிவிடுகிறது. ஆகவே இரண்டு மாத்திரை எடுத்தால், இரத்தத்தில் ஏறும் அளவு ஒன்றுக்கு இருமடங்கன்று, அதற்கும் மேல். முடங்கிய நொதி முழுதும் மீள ஏறத்தாழப் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் அதே நொதியைச் சார்ந்த மனச்சோர்வு மருந்துகள் சில உடலில் தேங்கும். எச்.ஐ.வி. தொற்றுக்கு ரிட்டோனவிர் உட்கொண்டுவந்த ஒருவர் 1996இல் பிரிட்டனில் எம்.டி.எம்.ஏ. எடுத்து இறந்தபோது, அந்நொதியை மருந்தும் தடுத்தது என்பதே காரணமாகச் சுட்டப்பட்டது. எதிர்த்திசையிலும் இது நேர்கிறது: ஓபியப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் பெறுபவருக்குக் காசநோய் கண்டு ரிஃபாம்பிசின் தொடங்கினால், 3ஏ4 பெருகி மெத்தடோன் கரைந்துபோக, உடல்வலியும் நடுக்கமும் தாங்காமல் அவர் சிகிச்சையையே கைவிடும் நிலை வரும்.

சிதைவோடு கதை முடிவதில்லை. மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்லும் வழியில் செல்களின் சவ்வில் கடத்துபுரதங்கள் நிற்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது, டொரண்டோவில் ஜூலியானோவும் லிங்கும் 1976இல் கண்டறிந்த பி-கிளைக்கோபுரதம்; உள்ளே வரும் அந்நியப் பொருளைப் பிடித்து வெளியே தள்ளும் வாயிற்காவலன் அது. வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபரமைடும் ஓபிய வகையைச் சேர்ந்ததே என்றாலும், மூளை நுழைவாயிலில் இப்புரதம் அதைத் தடுத்துவிடுவதால்தான் அது மயக்கம் தருவதில்லை. போதைக்காக அதை மிகையாக விழுங்கியவர்களின் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர்போன நிகழ்வுகளைத் தொடர்ந்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது.

ஆக்ஸிகோடோன் என்னும் ஓபிய வலிநிவாரணி தொடர்ந்து செலுத்தப்பட்ட எலிகளில் பி-கிளைக்கோபுரதம் பெருகி, பாக்லிடாக்ஸல் என்ற புற்றுநோய் மருந்து திசுக்களில் பரவும் விதம் மாறியதாக 2007இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அதைக் காட்டிப் புற்றுநோயாளிக்கு வலிநிவாரணியை மறுப்பது பெருங்கொடுமை. இதே திருவனந்தபுரத்தில் எம். ஆர். ராஜகோபால் நிறுவிய பாலியம் இந்தியா அமைப்பும் அதன் தோழமையினரும் நெடுங்காலம் போராடியதன் பயனாகவே, 2014 சட்டத்திருத்தம் வழியாக மார்ஃபின் நோயாளிக்கு எட்டும் பாதை எளிதானது. மருத்துவர் மேற்பார்வையில் வலிக்குத் தரப்படும் மார்ஃபினும் தெருவில் விற்கும் பொட்டலமும் ஒன்றல்ல.

இவ்வளவு அறிவியலும் மருத்துவமனை அறையில் பயன்பட ஒரே ஒரு தகவல் தேவைப்படுகிறது: நோயாளி எதை, எவ்வளவு, எத்தனை காலமாகப் பயன்படுத்துகிறார், எப்போது நிறுத்தினார் என்பது. உடன் வந்த மனைவியின் எதிரில், ஊர்க்காரரின் காதுபட, "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலே வரும். ஆகவே தனியே அழைத்து, குற்றம்சாட்டும் தொனியின்றிக் கேட்பது மருத்துவரின் கடமை. அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதும், பழக்கத்தை விட்டபோதும் மீண்டும் தொட்டபோதும் அதை உடனே தெரிவிப்பதும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உரியவை. காவல்துறையை அஞ்சி மறைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம்சாட்டப்பட்ட அடிமை நோயாளி, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்று அதை முழுமையாக முடித்தால், அக்குற்றத்துக்கான வழக்கிலிருந்து அவருக்கு விலக்களிக்கிறது.